சத்தம் போடாத சுவிட்ச்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டில் பீர் காய்ச்ச கண்ட்ரோல் பேனல் வயரிங் செய்கிறேன். 5500 வாட் ஹீட்டருக்கு எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே) போடச் சொல்கிறார்கள். டக் டக் என்று அடிக்கும் சாதாரண ரிலே போதாதா?" ரிலே என்பது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்.

பார்லி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளுக்கு 65 முதல் 68 டிகிரி வரை தோதான சூடு. அதற்கு மேல் போனால் அவற்றில் ஒன்று சீக்கிரமே செயலிழந்துவிடும். எனவே பானையில் ஒரு சென்சார், பேனலில் ஒரு பி.ஐ.டி. கண்ட்ரோலர். இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம், எவ்வளவு நேரமாக, எந்த வேகத்தில் நெருங்குகிறோம் என்ற மூன்றையும் பார்த்து, 'இப்போது 40 சதவீதம் கொடு' என்று அது சொல்லும். கப்பலைத் தானாகத் திருப்புவதற்காக நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922இல் எழுதிய கணக்கு இது. இலக்கைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று நாபைத் திருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹீட்டர் ஏற்கெனவே முழுச் சக்தியில்தான் எரிந்துகொண்டிருக்கும்!

சரி, முழுதாக எரியவும் அணையவும் மட்டுமே தெரிந்த ஹீட்டரிடம் 40 சதவீதம் வாங்குவது எப்படி? 2 விநாடியில் 0.8 விநாடி மட்டும் எரியவிட வேண்டும். 40 லிட்டர் தண்ணீர் 1 டிகிரி ஏறவே அரை நிமிடம் ஆகும் என்பதால் இந்த விட்டுவிட்டு எரிதல் அதற்கு உறைக்காது. ஆனால் ரிலேவுக்கு இது மணிக்கு 1800 அடி. ஒரு லட்சம் முறை தாங்கும் ரிலே 55 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 240 வோல்ட்டில் 23 ஆம்பியர் ஓடும்போது முனைகள் பிரிந்தால் தீப்பொறி பறந்து அவற்றைத் தின்னும்.

எஸ்.எஸ்.ஆருக்குள் அசையும் பாகமே இல்லை. கண்ட்ரோலரின் சிறு வோல்டேஜ் உள்ளே ஒரு எல்.இ.டி.யை ஏற்றுகிறது, எதிரே ஒளியை உணரும் சில்லு. இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது, வெளிச்சம்தான் கட்டளையைக் கொண்டுபோகிறது. மறுபக்கம் தைரிஸ்டர்கள், அதாவது ஹீட்டர் மின்சாரத்தைத் திறந்து மூடும் குறைக்கடத்திக் கதவுகள். தைரிஸ்டர் ஒரு விசித்திரமான பிறவி: ஒருமுறை திறந்து மின்சாரத்தை ஓடவிட்டால் நாம் சொல்லி மூடாது, ஓடும் மின்னோட்டம் தானாக வற்ற வேண்டும். நேர்மின்சாரத்தில் இது பெரிய தொல்லை. மாறுமின்சாரத்திலோ, 50 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 100 முறை மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடுகிறது. கட்டளை எந்த நொடியில் நின்றாலும் அந்த அரை அலை முடிந்த பிறகே மூடும். பூஜ்யத்தில் மூடுவதால் பொறியே இல்லை. பேனல்களில் வழக்கமாகப் போடும் வகை, திறப்பதற்கும் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்கும்.

ஆக, பானைக்குப் போகும் ஆற்றல் முழு முழு அரை அலைகளாகத்தான் போகிறது. ஒவ்வொன்றும் 55 ஜூல் பொட்டலம். அந்த 40 லிட்டரை 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 3000 பொட்டலம். பி.ஐ.டி. சொன்ன 40 சதவீதம் என்பது 200 பொட்டலத்தில் 80. எனக்கு இந்தப் பேனலிலேயே மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

இதற்கு விலை உண்டு. தைரிஸ்டரில் ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இழப்பு. 23 ஆம்பியரில் கிட்டத்தட்ட 30 வாட் சூடு. எஸ்.எஸ்.ஆரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கைப் பெட்டிக்கு வெளியே காற்று படும்படி வையுங்கள். அப்புறம், எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் மின்சாரம் ஓடும் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அணைந்திருக்கும்போதும் சில மில்லி ஆம்பியர் கசியும். ஆகவே அதை நம்பி ஹீட்டர் முனையைத் தொடக்கூடாது. எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் ஒரு காண்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ரிலே) போட்டு, அதன் காயிலுக்குப் போகும் வயரை அவசர நிறுத்தப் பொத்தான் வழியாக இழுங்கள்.

0.1 டிகிரி காட்டும் டிஸ்ப்ளேவுக்குச் செலவழித்துவிட்டு எர்த் கம்பியில் கஞ்சத்தனம் செய்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. மின்னோட்டம் அளவு மீறினால் வெட்டும் எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, அரை ஆம்பியர் உடம்பில் ஓடினாலும் அது கண்டுகொள்ளாது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே வெட்டும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். பானையின் உடலையும் பேனல் பெட்டியையும் எர்த்தில் சேர்த்த பிறகே பவர் கொடுங்கள். முதல்முறை கொடுக்கும்போது ஓர் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கட்டும்.