பிஎம்எஸ் காக்காத இடங்கள்

சொந்தமாக லித்தியம் பேட்டரி பேக் கட்டுபவர்களில் பலர், பிஎம்எஸ் பலகையை (சார்ஜ் எல்லை மீறினால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காவல் சர்க்யூட்) சேர்த்துவிட்டால் இனி பயமில்லை என்று நம்புகிறார்கள். அந்தப் பலகையால் தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தை மட்டுமே துண்டிக்க முடியும். செல்களுக்கு நடுவிலேயே ஷார்ட் ஆனால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கு அதிக வாய்ப்புள்ள இடம், இத்தகைய பேக்குகளில் வரும் உருளை வடிவ 18650 செல்லின் பாசிட்டிவ் முனை. அடிப்பக்கம் மட்டுமல்ல, செல்லின் உலோகக் கூடு முழுவதுமே நெகட்டிவ். மேலே நடுவிலுள்ள குமிழ் பாசிட்டிவ், அதைச் சுற்றிய விளிம்பு மறுபடியும் நெகட்டிவ். இடைவெளி சில மில்லிமீட்டர்தான். குமிழில் வெல்டு செய்த நிக்கல் பட்டை அந்த விளிம்பைத் தாண்டித்தான் அடுத்த செல்லுக்குப் போகிறது. நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. அதிர்விலும் சூட்டிலும் அது தேய்ந்து கிழிந்தால் பட்டை நேராக விளிம்பில் உட்காரும், செல் தீப்பிடிக்கலாம். ஆகவே வெல்டிங்குக்கு முன் ஒவ்வொரு பாசிட்டிவ் முனையிலும் காப்புக் காகித வளையம் ஒட்டுங்கள். உறை கிழிந்த செல்லுக்குப் புது உறை போடாமல் கட்டவே கூடாது.

செல்கள் எல்லாம் ஒரே மாடலாக, ஒரே வயதுடையவையாக இருக்கட்டும். பேரலலாக இணைப்பவற்றின் வோல்டேஜ் வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உள்தடை மில்லி ஓம் கணக்கில் இருப்பதால், வித்தியாசம் கூடினால் நிறைந்த செல் குறைந்ததற்குள் பெரும் மின்னோட்டத்தைக் கொட்டும். நெடுநாள் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த பழைய லேப்டாப் செல்லை உயிர்ப்பிக்க வேண்டாம். உள்ளே கரைந்த செம்பு, சார்ஜ் ஏற்றும்போது வேறிடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக்கிவிடும். உறையில் 9,900 எம்ஏஎச் (கொள்ளளவு) என்று அச்சடித்த 18650 கண்டிப்பாகப் போலி.

பட்டை சுத்த நிக்கலா, முலாம் பூசிய இரும்பா என்று சந்தேகமா? சுரண்டிவிட்டு உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டுப் பாருங்கள், இரும்பானால் துருப்பிடிக்கும். இரும்புக்குத் தடை அதிகம், அதே மின்னோட்டத்தில் கூடுதலாகச் சூடாகும். இணைப்புக்கு ஸ்பாட் வெல்டிங்தான் சரி. சால்டரிங் அயர்ன் முனையில் 350 டிகிரி இருக்கும். செல்லுக்குள் இருக்கும் பிரிப்புத் தாளோ 130 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கும்.

மூன்று சீரிஸ் பேக்கில் பேலன்ஸ் ஒயர்களை (ஒவ்வொரு வரிசையின் வோல்டேஜையும் பலகைக்குக் காட்டும் மெல்லிய ஒயர்கள்) பலகையில் செருகுமுன் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். நெகட்டிவிலிருந்து ஏறத்தாழ 3.7, 7.4, 11.1 என்று படிப்படியாக ஏற வேண்டும். வரிசை மாறினால் செருகியதுமே பலகை புகையலாம். பாசிட்டிவ் ஒயரில் பேக்கை ஒட்டியே ஒரு ஃபியூஸ் வையுங்கள்.

இந்த பேக்குக்குச் சார்ஜர் 12.6 வோல்ட்டில் நிற்கும் லித்தியம் சார்ஜராகவே இருக்க வேண்டும். லெட் ஆசிட் சார்ஜரைப் போட்டால் 14 வோல்ட் தாண்டும், தினமும் பிஎம்எஸ் துண்டித்தால்தான் சார்ஜ் நிற்கும் என்ற நிலை வரும். அவசரத்துக்கான காவலை அன்றாட வேலைக்கு இழுக்கக் கூடாது. முதல் சார்ஜின்போது பக்கத்திலேயே இருந்து, முடிந்ததும் மூன்று வரிசைகளையும் தனித்தனியே அளங்கள். ஒன்று 4.2-லும் மற்றொன்று 4.0-லும் நின்றால், பேக்கைப் பிரித்து அந்த இரு வரிசைகளின் செல்களையும் சோதியுங்கள்.