செப்டம்பரில் வரும் அந்தப் பனிப் படம்

செப்டம்பர் கடைசியானால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்துவிடும். இரண்டு வட துருவ வரைபடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று 2012, மற்றது அதற்குப் பிந்தைய ஏதோ ஓர் ஆண்டு. கீழே, “பனி கூடியிருக்கிறது, பாருங்கள்!” செயற்கைக்கோள் தரவுகளோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு என்பதால், “சார், இது நிஜமா?” என்ற கேள்வியும் கூடவே வரும்.

படம் பெரும்பாலும் நிஜம்தான். சிக்கலே அதுதான்.

2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 1979-லிருந்து 2025 வரையிலான பதிவில் அதுதான் ஆகக் குறைவு. அடுத்த ஆண்டே அது 50 லட்சத்தைத் தாண்டியது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! ஆனால் அந்த 50 லட்சமும், 2007-க்கு முன் பதிவான எந்த ஆண்டின் குறைந்தபட்ச அளவையும்விடக் கீழே. ஆகத் தாழ்ந்த புள்ளியில் நின்று பார்த்தால் மற்றதெல்லாம் மேடாகத்தானே தெரியும்?

ஓர் ஆண்டின் அளவை அந்தக் கோடையின் காற்றும் மேகமுமே ஏற்றி இறக்கிவிடும். 2012 ஆகஸ்டில் அடித்த பெரும் புயல், ஏற்கெனவே மெலிந்திருந்த பனியை உடைத்துச் சிதறடித்தது. அதனால் நாங்கள் முழு வரிசைக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துப் பார்ப்போம். செப்டம்பர் சராசரி, 1981–2010 அளவோடு ஒப்பிட, பத்தாண்டுக்குச் சுமார் 12% இறங்குகிறது. கடைசி இருபது ஆண்டுகளில் வேகம் தணிந்திருப்பதும் உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. நீண்ட சரிவுக்கு நடுவே இயற்கையான ஏற்ற இறக்கம் சில காலம் அதை மறைத்து நிற்பது உண்டு.

அளப்பது எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் எனக்குக் குஷி. பனியும் கடல்நீரும் மைக்ரோவேவ் கதிர்களை வெவ்வேறு அளவில் வெளிவிடுகின்றன. மேகம் மூடினாலும், மாதக்கணக்கில் இருட்டாக இருந்தாலும் செயற்கைக்கோளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். 25 கிலோமீட்டர் கட்டம் ஒன்றில் 15% பனி இருந்தாலே முழுக் கட்டமும் ‘பனி’ என்று கணக்கில் ஏறும். ஜூன், ஜூலையில் பனிமேல் தேங்கும் உருகுநீர் குட்டைகள் திறந்த கடல் போலவே தெரிந்து ஏமாற்றும். ஒரே நாள் எண்ணை வைத்து யாராவது சண்டைக்கு வந்தால் நான் ஒதுங்கிவிடுவது இதனால்தான்.

இவ்வளவும் பரப்பு மட்டும். தோசையை மேலிருந்து பார்த்தால் அகலம் தெரியும், முறுகலா ஊத்தப்பமா என்று தெரியாது. தடிமனுக்குக் கிரையோசாட்-2, ஐஸ்சாட்-2 போன்ற செயற்கைக்கோள்கள் தனி. அவையும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் உயரத்தைத்தான் அளக்கின்றன. அது மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மேலே 10 செ.மீ. தவறினால் தடிமனில் ஒரு மீட்டர் தவறிவிடும். போதாக்குறைக்கு, மேலே கிடக்கும் வெண்பனியின் கனம் பனிக்கட்டியை நீருக்குள் அமுக்கிவிடும்.

அப்புறம், வயது. 1980-களின் நடுவில், குளிர்கால முடிவில் ஆர்க்டிக் பெருங்கடலில் இருந்த பனியில் மூன்றில் ஒரு பங்கு நான்கு ஆண்டைக் கடந்த கெட்டிப் பனி. இப்போது 5 சதவீதத்துக்கும் கீழே. மார்ச் மாதப் படத்தில் கடல் இன்றும் வெள்ளையாகத்தான் இருக்கும். அதில் பெரும்பகுதி போன இலையுதிர் காலம் தொடங்கிய பிறகு உறைந்தது, இன்னும் ஒரு கோடையைக்கூடப் பார்க்காதது.