வீ-ரேம்: ஒதுக்கியதும் பகிர்வதும்

'வீ' என்பது வீடியோவின் முதலெழுத்து. ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது மட்டும் தகவலைப் பிடித்து வைத்திருக்கும் நினைவகம். இரண்டும் சேர்ந்த வீ-ரேம், திரைக்குப் போக வேண்டிய படத்தையும் அதை வரையத் தேவையான பொருள்களையும் வைத்திருக்கும் இடம். தமிழில் வரைகலை நினைவகம் என்று எழுதினால் போதும். 'காணொளி நினைவகம்' என்று எழுதுவது பொருந்தாது. யூடியூபில் பார்த்ததைச் சேமித்து வைக்கும் இடம் போல அது ஒலிக்கிறது. இங்கே வீடியோ என்றால் திரைக்குப் போகும் சைகை, ஓடும் படம் அல்ல.

பிறந்தபோது இந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட வகைச் சில்லுக்கு மட்டுமே உரியது. ஐபிஎம் ஆய்வகத்தில் ஃபிரெடெரிக் டில், டேனியல் லிங், ரிச்சர்ட் மேட்டிக் ஆகிய மூவர் 1980இல் அதை உருவாக்கினார்கள். சாதாரண நினைவகச் சில்லுக்கு ஒரே வாசல். செயலி படத்தை எழுதிக்கொண்டிருந்தால் திரை காத்திருக்கும். திரை படித்துக்கொண்டிருந்தால் செயலி காத்திருக்கும். இவர்கள் இரண்டாவது வாசல் ஒன்றைத் திறந்தார்கள். ஒரு பக்கம் செயலி எழுத, மறுபக்கம் திரை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். 1986இல் ஐபிஎம்மின் ஆர்டி பிசி கணினிக்கான வரைகலை அட்டையில் அது விற்பனைக்கு வந்தது. பிறகு வேகமான, மலிவான சில்லுகள் வந்ததும் இரண்டு வாசல் சில்லு வழக்கொழிந்தது; பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்றைய விளையாட்டு மடிக்கணினியில் இருக்கும் ஜிடிடிஆர்6 வகைச் சில்லு அந்தப் பழைய பொருளில் வீ-ரேமே இல்லை.

விலை குறைந்த மடிக்கணினியில் அந்தத் தனிச் சில்லும் கிடையாது. வரைகலைப் பகுதி செயலிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நினைவகத்தைப் பொதுவான ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ பினாங்கு கொம்தாரிலோ மடிக்கணினி வாங்க நிற்பவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பாஸ், டெடிகேட்டட் எத்தனை ஜிபி?" அந்த 'டெடிகேட்டட்' இரண்டு வேறு பொருள்களைச் சுமக்கிறது. ஆர்டிஎக்ஸ் 2050 என்ற வரைகலை அட்டை போட்ட கணினியில் அது அட்டையின் சொந்தச் சில்லுகளில் இருக்கும் 4 ஜிபி. அட்டையே இல்லாத கணினியில், விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே பயாஸ் (கணினியை முடுக்கிவிடும் அடிப்படை மென்பொருள்) பொது ரேமிலிருந்து வெட்டி வைத்த பங்கு. முன்னது ரேமுக்கு மேல் கூடுதல், பின்னது ரேமிலிருந்து கழிப்பது.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட வேண்டிய கட்டாயமில்லை. சொந்தச் சில்லு உள்ளதைத் தனி வரைகலை நினைவகம் என்போம். பயாஸ் வெட்டி வைப்பதை ஒதுக்கிய நினைவகம் என்போம். வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிக்கு ஒதுக்கீடு என்கிறோமே, அதே ஒதுக்கீடுதான்: பொதுப் பணத்திலிருந்து பிரித்து வைத்தது, வேறு எதற்கும் தொட முடியாதது. மூன்றாவதாக விண்டோஸ் 'ஷேர்டு' என்று காட்டுவது பகிர் நினைவகம். 'ஒதுக்கிய' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். கணினி முடுக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடுகிறது. 'பகிர் நினைவகம்' வினைத்தொகை. ஊறுகாய் போல முக்காலத்துக்கும் பொருந்தும். தேவைப்படும்போது எடுத்து, முடிந்ததும் திருப்பித் தருவதற்கு அது சரியான அமைப்பு.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், டிஸ்ப்ளே அடாப்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் இரண்டும் தனித்தனி வரியில் தெரியும். இன்டெல் செயலி உள்ள கணினியில் ஒதுக்கியது பெரும்பாலும் 128 எம்பி. பகிர்வது மொத்த ரேமில் ஏறக்குறைய பாதி. 8 ஜிபி கணினியில் அந்தப் பாதியைப் பார்த்து '4 ஜிபி போய்விட்டதே' என்று பதற வேண்டாம். அது உச்சவரம்பு மட்டுமே. எதுவும் இன்னும் எடுக்கப்படவில்லை.

128 எம்பி போதுமா? திரைக்கு மட்டும் என்றால் தாராளம். 1920×1080 திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் கணக்குப் போட்டால் ஒரு முழுப் படம் 8 எம்பியைத் தொடாது. இடத்தைத் தின்பவை விளையாட்டில் வரும் பொருள்களின் மேல் போர்த்தும் மேற்பரப்புப் படங்கள். 2048×2048 அளவில் சுருக்கப்படாத ஒரே ஒரு படம் 16 எம்பி. ஒதுக்கியது நிரம்பியதும் பகிர் நினைவகத்துக்குப் போய்விடும் என்பதால் பெரும்பாலான மென்பொருள்களுக்குச் சிக்கல் இல்லை. சில விளையாட்டுகள் மட்டும் ஒதுக்கிய எண்ணை மட்டுமே பார்த்துவிட்டு 'நினைவகம் போதவில்லை' என்று திறக்க மறுக்கும்.

ஏஎம்டி ரைசன் செயலி உள்ள கணினிகள் சிலவற்றில் பயாஸுக்குள் 'யூஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்' என்ற வரி இருக்கும். யூஎம்ஏ என்றால் ஒரே நினைவகத்தைச் செயலியும் வரைகலையும் பயன்படுத்தும் கட்டமைப்பு. முடுக்கும்போது ஏசர், ஆசுஸ், டெல் கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்திப் பாருங்கள். ஆட்டோ, 512 எம்பி, 1, 2, 4 ஜிபி என்று தேர்வுகள் வரும். மாற்றிவிட்டு எஃப்10 தட்டிச் சேமிக்க வேண்டும். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் மீட்புச் சாவியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸைத் தொட்டபின் அதைக் கேட்கக்கூடும். மலிவு மாடல்களில் தயாரிப்பாளர் இந்த வரியை மறைத்தே அனுப்புவது சகஜம். அதைத் திறக்க இணையத்தில் கிடைக்கும் திருத்திய பயாஸை ஏற்றுவது கணினியை முடுக்கவே முடியாத செங்கல்லாக்கும் வழி.

8 ஜிபி ரேமில் 2 ஜிபியை ஒதுக்கினால் விண்டோஸுக்கு மிஞ்சுவது 6 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியின் அடியில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று அந்த 2 ஜிபி காணாமல் போன கணக்கு நிற்கும். விளையாட்டுடன் குரோமும் திறந்திருந்தால் ரேம் நிரம்பி வழிந்து, அதைவிட மெதுவான சேமிப்பகமான எஸ்எஸ்டியில் எழுத ஆரம்பிக்கும். படம் விட்டுவிட்டு ஓடும். ஆக, வேகம் கூட்டச் செய்த மாற்றமே வேகத்தைக் கெடுக்கும். 8 ஜிபிக்கு ஆட்டோ அல்லது 512 எம்பி. 2 ஜிபி, 4 ஜிபி எல்லாம் 16 ஜிபி போட்டபின் யோசிக்க வேண்டியவை.

இன்டெல்லுக்கு, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் செய்யும் வித்தை ஒன்று சுற்றிவருகிறது: இன்டெல் பகுதிக்குள் ஜிஎம்எம் என்று ஒரு சாவி உருவாக்கி, 'டெடிகேட்டட் செக்மென்ட் சைஸ்' மதிப்பை 512 ஆக்குவது. அது நினைவகத்தைக் கூட்டுவதில்லை, காட்டும் எண்ணை மட்டும் மாற்றுகிறது. மேலே சொன்ன பிடிவாத விளையாட்டுகள் அந்த எண்ணை நம்பித் திறக்கலாம். அதற்குமேல் ஒரு பயனும் இல்லை.

உண்மையான முன்னேற்றம் ரேமுக்கும் செயலிக்கும் இடையே தகவல் செல்லும் தடத்தில் இருக்கிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும். இரட்டைத் தடத்தில் 51.2. ஆர்டிஎக்ஸ் 2050இன் தனி நினைவகத்துக்கு 112. இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்-ஈ வரைகலை கொண்ட கணினியில் ஒரே ரேம் துண்டு இருந்தால் விண்டோஸ் அதை வெறும் யூஎச்டி கிராஃபிக்ஸ் என்றே காட்டும். இரண்டாவது துண்டு போட்டதும் பெயரே மாறும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் இதைச் சரிபாருங்கள்.

துண்டு வாங்கும்போது டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. எல்பிடிடிஆர் என்றால் பெரும்பாலும் பலகையிலேயே பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. இன்டெல் என்100, என்200 செயலிகளுக்குத் தடமே ஒன்றுதான். அந்தக் கணினியில் ரேமைக் கூட்டினால் இடம் அதிகமாகும், கடத்தும் வேகம் ஏறாது.