சுண்ணாம்புக் கல்லுக்குள் அடைபட்ட காற்று

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் சிறிதளவு எடுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கரைத்து, ஓர் இரவு அசையாமல் வைத்துவிடுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் வேறொரு தம்ளரில் வடித்து, அதில் உறிஞ்சுகுழாயை விட்டு மெல்ல ஊதுங்கள். உள்ளே இழுத்துவிடக் கூடாது, கண்ணிலும் தெறிக்கக் கூடாது. பளிங்காக இருந்த நீர் பாலாகக் கலங்கும். உங்கள் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து, சுண்ணாம்புக் கல்லின் நுண்துகளாக மாறியிருக்கிறது.

இதைத் தலைகீழாகச் செய்தால் அதுதான் சுண்ணாம்புக் காளவாய். கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் உள்ளே இருந்த வாயு வெளியேறிவிடும். எடை குறைந்த சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் 1750களில் இந்த எடைக் குறைவைத் தராசில் வைத்து ஆராய்ந்தார். வெளியேறிய வாயுவுக்கு அவர் வைத்த பெயர், தமிழில் சொன்னால், ‘அடைபட்ட காற்று’. நம் மூச்சிலும் அதே வாயு இருப்பதைச் சுண்ணாம்பு நீரைக் கொண்டே அவர் கண்டறிந்தார்.

கணக்கு எளிது. 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லை முழுமையாகச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கும். சுடுவதற்கு எரித்த கரியின் புகை இதில் சேராது.

உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமென்ட் தயாரிக்கிறது. அதன் மூலப்பொருளும் இதே கல்தான். அரியலூர்ப் பக்கம் சுரங்கத்தில் வெட்டிய கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் சிப்பிகளும் சுருள் ஓட்டு உயிர்களின் தடங்களும் பதிந்திருக்கும். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் அங்கே கடல் இருந்தது. அந்த உயிர்கள் கடல்நீரிலிருந்து கார்பனை எடுத்து ஓடு கட்டின. மடிந்து அடியில் படிந்தன. ஆறேழு கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லுக்குள் உறங்கிய அந்தக் கார்பனைச் சூளை சிறிது நேரத்தில் வானத்துக்கு அனுப்பிவிடுகிறது.

சிமென்ட் சூளை என்பது சற்றே சாய்த்து வைத்த, மெதுவாகச் சுழலும் நீண்ட இரும்புக் குழாய். கல்லும் களிமண்ணும் அரைத்த மாவு மேல் முனை வழியாக இறங்கும். ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் கல் தன் வாயுவை விட்டுவிடும். கீழே தீநாக்கு இருக்கும் பக்கம் 1,450 டிகிரி. அங்கே சுண்ணாம்பும் களிமண்ணின் சிலிக்காவும் கூடி, கருஞ்சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். அதற்குப் பெயர் கிளிங்கர். ஆறியதும் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் மூட்டைக்கு வரும் சிமென்ட்.

மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 விழுக்காடு வரை இந்தத் தொழிலிலிருந்து வருகிறது. காலநிலை பற்றிப் பேசும்போது அனல்மின் நிலையத்தையும் வாகனப் புகையையும் சொல்கிறோம், சிமென்டை மறந்துவிடுகிறோம். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. ஏனென்றால் இங்கே சிக்கலின் வேர் வேறு. சூளையிலிருந்து வெளியேறும் கார்பனில் ஏறத்தாழ 60 விழுக்காடு கல்லிலிருந்தே வருகிறது. நிலக்கரியை விட்டுவிட்டுச் சூரிய மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் கல் தன் வாயுவை விட்டே தீரும்.

வெளிவரும் வாயுவைப் பிடித்துப் புதைப்பது ஒரு வழி. நார்வேயின் பிரெவிக் ஊரிலுள்ள சிமென்ட் ஆலையில் 2025இல் இது தொடங்கியது. புகையை அமீன் என்ற வேதிப்பொருள் கரைசல் வழியே செலுத்தினால், கார்பன் டை ஆக்சைடு மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். கரைசலைச் சூடாக்கி வாயுவைப் பிரித்து, திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, வட கடலின் அடித்தரைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகிறார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன் வரை பிடிக்க முடியும். அந்த ஓர் ஆலை வெளியிடுவதில் அது ஏறக்குறையப் பாதி. அருமையான வேலைதான். ஆனால் மிகுந்த செலவும் ஆற்றலும் கேட்கும்.

நமக்கு இன்றே கைகூடும் வழி, கிளிங்கரைக் குறைப்பது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வேலையின்றி மிஞ்சுகிறது. அனல்மின் நிலையச் சாம்பலிலுள்ள சிலிக்கா அந்த உபரிச் சுண்ணாம்பைப் பிடித்துப் புதிய பசையாக மாற்றும். இந்திய விதிப்படி இத்தகைய சிமென்டில் 35 விழுக்காடு வரை சாம்பல் சேர்க்கலாம். கடையில் பி.பி.சி. (PPC) என்று கேட்டு வாங்குவது இதைத்தான். ஆனால் நிலக்கரியைக் கைவிடக் கைவிடச் சாம்பலும் குறையும்.

அடுத்து வருவது சுட்ட களிமண். பாதி கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக் கல் தூள், மீதி ஜிப்சம். ஸ்விட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை, மும்பை, தில்லி ஐ.ஐ.டி.களும் உழைத்து இந்தக் கலவையை உருவாக்கினார்கள். களிமண்ணுக்கு ஏறத்தாழ 800 டிகிரி போதும். அதைச் சுட்டால் வெளியேறுவது கார்பன் அல்ல, நீராவி. சாதாரண சிமென்டோடு ஒப்பிட்டால் கார்பன் வெளியீடு 30 முதல் 40 விழுக்காடு வரை குறையும். 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கெனத் தனித் தரவரையறையே வெளியிட்டது.

இதன் அடிப்படை நம் பழைய கொத்தனார்களுக்குத் தெரிந்ததுதான். செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்ப்பார்கள். சுர்க்கி என்று பெயர். செங்கல் என்பதே சுட்ட களிமண் அல்லவா? பென்னிகுவிக் மேற்பார்வையில் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தில்தான் எழுந்தது.

சாம்பல் கலந்த சிமென்ட் வலுவில்லாதது என்று தயங்குகிறவர்கள் பலர். அது மெதுவாக இறுகும், அவ்வளவுதான். சாதாரண சிமென்டில் போட்ட தளத்தைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்றால் இதற்கு 10 நாள். சென்ட்ரிங் பலகையை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. தளத்தில் பாத்தி கட்டி, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் மாதங்கள் போகப் போக அதன் வலு கூடிக்கொண்டே இருக்கும்.