மொட்டைக் கருந்துளைக்கு முடி முளைக்குமா?

"கருந்துளைக்கு முடி கிடையாது" என்ற வாசகத்தைப் பரப்பியவர் இயற்பியலாளர் ஜான் வீலர். நிறை, சுழற்சி, மின்னூட்டம் ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டால் ஒரு கருந்துளையைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் மிஞ்சாது; அப்படி மிஞ்சக்கூடிய அடையாளத்தைத்தான் முடி என்கிறார்கள். உள்ளே விழுந்தது விண்மீனா, வெறும் தூசியா என்பதற்கு வெளியே தடயமே இருக்காது. ஐன்ஸ்டைனின் கருந்துளை சுத்த மொட்டை.

சரி, ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியையே கொஞ்சம் மாற்றினால்? 1961இல் கார்ல் பிரான்ஸும் ராபர்ட் டிக்கியும் அதைச் செய்தார்கள். ஈர்ப்பின் வலிமை எங்கும் ஒன்றல்ல, வெளி முழுக்கப் பரவி ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்பு கொண்ட ஒரு புலம் அதைத் தீர்மானிக்கிறது, அந்த மதிப்பு இடத்துக்கு இடம் மாறலாம் என்றார்கள். விதி மாறினால் கருந்துளையும் மாறும் என்றுதான் யாரும் நினைப்போம். மாறாது என்று 1972இல் ஸ்டீவன் ஹாக்கிங் நிறுவினார்: அடங்கி நிலைகொண்டுவிட்ட கருந்துளை இந்தக் கோட்பாட்டிலும் அதே பழைய மொட்டைதான்.

காரணம் எளிது. இந்தப் புலத்துக்குத் தீனி பொருள். இறந்த விண்மீனின் இறுகிய மிச்சமான நியூட்ரான் விண்மீனில் பொருள் அடைந்து கிடக்கிறது, அதனால் அதைச் சுற்றிப் புலம் எழும்பும். கருந்துளையின் நிகழ்வு எல்லைக்கு, அதாவது ஒளிகூடத் திரும்ப முடியாத விளிம்புக்கு, வெளியேயோ வெறும் வெற்றிடம். தீனி இல்லாத புலம் எங்கும் ஒரே மட்டமாகப் படிந்துவிடும்.

அப்புறம் வந்த கோட்பாடுகள் தீனியை மாற்றின. காஸ்-போனே வகைக் கோட்பாடுகளில் புலத்தை எழுப்புவது பொருளல்ல, வெளியின் வளைவே. வெற்றிடமானாலும் கருந்துளையருகே வளைவுக்குப் பஞ்சமில்லை, ஆகவே புலம் எழும்பி முடியாக முளைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இவற்றின் எளிய வடிவத்தில் நியூட்ரான் விண்மீன் மொட்டையாகிவிடுகிறது.

எவ்வளவு முடி? இங்கேதான் நம் உள்ளுணர்வு ஏமாறும். 2019இல் படம் வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவே உள்ள கருந்துளையின் நிறை சூரியனைப் போல் 650 கோடி மடங்கு. புளூட்டோவின் சுற்றுப்பாதை முழுவதும் அதற்குள் அடங்கும். ஆனால் அதன் விளிம்பைத் தாண்டி விழுபவருக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. சில சூரிய நிறையே உள்ள குட்டிக் கருந்துளையிலோ, விளிம்பை எட்டும் முன்பே இடியாப்ப மாவு மாதிரி பிழியப்பட்டிருப்பார். நிறை இரட்டித்தால் விளிம்பில் வளைவு கால் பங்காகிவிடும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் குட்டியின் வளைவு எம்87இன் வளைவைவிட ஒன்றுக்குப் பின் 18 சுழியம் போட்ட அளவுக்கு அதிகம். வளைவு அதிகமானால்தான் முடியும் அதிகம். ஆகவே இந்த வகை முடியைத் தேட அந்தப் புகழ்பெற்ற படம் பெரிதாக உதவாது என்பது என் எண்ணம்.

உதவுவது ஈர்ப்பு அலை, அதாவது கனத்த பொருள்கள் சுற்றும்போது வெளியில் எழும் அதிர்வு. முடியுள்ள ஒன்றும் மொட்டையான ஒன்றும் ஒன்றையொன்று சுற்றினால், வழக்கமான ஈர்ப்பு அலையோடு புலத்தின் வழியாகவும் ஆற்றல் கசியும். சுற்றுப்பாதை சீக்கிரம் சுருங்கும், அலையின் தாளம் கணக்கை முந்திக்கொண்டு ஓடும். 2023 மே 29இல் அமெரிக்காவின் லிவிங்ஸ்டனில் உள்ள லைகோ கருவி பிடித்த அலை இதற்கென்றே வாய்த்த மாதிரி இருந்தது. இணைந்தவற்றில் ஒன்று பெரும்பாலும் நியூட்ரான் விண்மீன். மற்றது இரண்டரை முதல் நாலரை சூரிய நிறை வரை உள்ள, அநேகமாகக் கருந்துளை. அதற்கு முன் இவ்வளவு சிறிய கருந்துளை அலையில் சிக்கியதாகத் தெரியவில்லை. தாளத்தை அலசிப் பார்த்தார்கள். அது ஐன்ஸ்டைன் கணக்கை விட்டு விலகவில்லை. முடி இருந்தாலும், முன்பு நினைத்ததைவிடக் குட்டையாகத்தான் இருக்க வேண்டும்.