கடற்கரைக் கோயிலின் உப்பும் யுனெஸ்கோ படிவமும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் நிலை “நன்று” என்று அதிகாரி ஒருவர் படிவத்தில் எழுதுகிறார். ஆறு ஆண்டுகள் கழித்து அதே நாற்காலிக்கு வந்தவரும் “நன்று” என்றே எழுதுகிறார். இடையில் சிற்பங்களின் முகம் எவ்வளவு தேய்ந்தது? இந்த இரண்டு “நன்று”களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் கண்காணிப்பு என்று ஒன்று இருக்கிறது.

யுனெஸ்கோவில் 1972இல் உருவான உலக பாரம்பரிய உடன்படிக்கையில் இந்தியா 1977இல் சேர்ந்தது. அதன் 29ஆம் பிரிவின்படி உறுப்பு நாடுகள் அறிக்கை தர வேண்டும். உலகைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்துக் கேட்பதால், சுமார் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாட்டின் முறை வரும். படிவத்தின் ஒரு பாதி நாட்டின் சட்டம், நிதி, ஆட்களைப் பற்றியது. மறுபாதியை ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். 1984இல் உலக பாரம்பரியப் பட்டியலில் ஏறிய மாமல்லபுரத்தைப் பராமரிப்பது மத்திய தொல்லியல் துறை. ஒவ்வோர் அச்சுறுத்தலுக்கும் அது இப்போதே இருக்கிறதா, இனி வரக்கூடியதா, எல்லைக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா, கூடுகிறதா, குறைகிறதா என்று குறிக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பழைய அளவு கையில் இல்லாவிட்டால், எழுதுவது வெறும் ஊகம்தான்.

கடற்கரைக் கோயிலில் அளக்க வேண்டிய முதல் பொருள் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். நம் கடற்கரையில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையில் ஈரப்பதம் இந்தக் கோட்டை ஏறி இறங்குவது சாதாரணம். கல்லின் நுண்துளைகளுக்குள் ஒவ்வொரு முறை படிகம் வளரும்போதும் துளையின் சுவர் நெருக்கப்படுகிறது. மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிர்கிறது.

உப்பை வெளியே எடுக்கக் காகிதக்கூழ் பூசுகிறார்கள். உப்பில்லாத காகிதத்தைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கல்மேல் அப்பி, உலர விடுவார்கள். நீர் முதலில் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். பிறகு கூழ் உலர உலர உப்புக்கரைசல் வெளிப்பக்கம் வந்து காகிதத்தில் தங்கும். உரித்த கூழில் குறித்த எடையைக் குறித்த அளவு நீரில் ஊறவைத்து, வடிகட்டி, சில்வர் நைட்ரேட் கொண்டு தரம்பார்த்தால் குளோரைடு எவ்வளவு என்று எண்ணாகக் கிடைக்கும். பூசப்பூச எண் இறங்கி, இனி இறங்காது என்ற நிலைக்கு வரும்வரை மறுபடி பூச வேண்டும்.

பிசகுகள் சின்ன இடங்களில்தான் நுழைகின்றன. கடலோரக் கிணற்று நீரில் கூழ் கரைத்தால் எடுப்பதைவிடப் போடும் உப்பு அதிகமாகலாம். முழுக்க உலருமுன் உரித்தால் உப்பு கல்லிலேயே நின்றுவிடும். எண்ணைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. மே மாத அளவையும் டிசம்பர் அளவையும் ஒப்பிட்டால் கல் தேறிவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் வடகிழக்குப் பருவமழை மேலுப்பைக் கழுவியிருக்கும். ஆகவே அதே மாதம், அதே உயரம், கடலைப் பார்த்த அதே முகம் என்று இடத்தைக் குறித்து வைத்தே அளக்க வேண்டும். ஒளிப்படத்துக்கும் இதுவே விதி: அதே இடத்தில் நின்று, அளவுகோலை அருகில் வைத்து எடுக்க வேண்டும்.

இயற்கைப் பாரம்பரியத்துக்குச் சென்னை நகருக்குள்ளேயே பள்ளிக்கரணை இருக்கிறது. சுமார் 1,247 ஹெக்டேர் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் தளமானது; ராம்சர் என்பது ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை. ராம்சர் ஏற்பாட்டில் நாடுகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேசிய அறிக்கை தர வேண்டும். ஒவ்வொரு தளத்தின் தகவல் தாளையும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இங்கே அளப்பவை நீர்மட்டம், உவர்ப்பு, கரைந்த ஆக்சிஜன், பறவைகள். பெருங்குடி குப்பைமேட்டருகே எடுக்கும் நீரும் சதுப்பு நீர் வெளியேறும் ஒக்கியம் மடுவில் எடுக்கும் நீரும் ஒன்றல்ல. எடுக்கும் இடத்தை மாற்றினால் தொடர்ச்சி அறுந்துவிடும். பறவைக் கணக்கில் “பூஜ்யம்” என்பதையும் “எண்ணவில்லை” என்பதையும் வேறுபடுத்தாமல் கட்டத்தை வெறுமையாக விட்டால், அடுத்து வருபவர் பறவை அழிந்தது என்று படிப்பார். வெள்ளம் நின்ற டிசம்பர் செயற்கைக்கோள் படத்தை மட்டும் இணைத்தால் சதுப்பு நிலம் வளர்ந்ததாகத் தெரியும்.

ஆறு ஆண்டு என்பது நீண்ட இடைவெளி. அதற்குள் ஒரு பாலமே எழுந்துவிடும். அதனால், மாற்ற முடியாத முடிவு எடுக்கும் முன்பே பெரிய கட்டுமானங்களைப் பற்றி யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஹம்பியில் பாலப் பணிகளால் சிக்கல் வந்து, 1999இல் அது ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது, 2006இல்தான் வெளிவந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு, பாலம் கட்டியே தீருவது என்று நின்றதால் 2009இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

அரசு சொல்லாததைப் பொதுமக்களும் அந்த மையத்துக்கு எழுதலாம். மையம் அதை அந்த நாட்டு அரசிடம் அனுப்பி விளக்கம் கேட்கும். அப்படி எழுதும்போது தேதி, படம் எடுத்த இடம், கேமரா பார்த்த திசை, சின்னத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற நான்கையும் சேர்த்தால்தான் கடிதத்துக்குப் பலம். எல்லை வரைபடத்தில் அந்த இடத்தைப் புள்ளியாகக் குறித்து இணைப்பது இன்னும் நல்லது. பதில் எழுதுபவர் முதலில் தேடுவது அந்தப் புள்ளி எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதைத்தான்.