சி1 பரீட்சைக்கு ரீச்சர் தேடுகிறீர்களா? முதலில் ஒரு கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்

இத்தாலி மொழியில் சி1 பரீட்சையை (ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு நிலைகளில் ஐந்தாவது) டிசம்பரில் எழுதியவர்களின் பெறுபேறுகள் வந்துவிட்டன. இந்த முறை என் கைக்கு வந்த முதல் தாள் இது: கேட்டல் 15, வாசித்தல் 14, மொழிக் கட்டமைப்பு 8, எழுத்து 9, பேச்சு 17. கூட்டினால் 63. சியெனாப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் சில்ஸ் (CILS) பரீட்சையில் சித்தியடைய மொத்தம் 55 புள்ளி போதும். ஆனாலும் சான்றிதழ் இல்லை. ஐந்து பகுதிகளுக்கும் தலா 20 புள்ளி. ஒவ்வொன்றிலும் குறைந்தது 11 எடுத்தே ஆகவேண்டும். பேச்சில் மிஞ்சியதை எழுத்துக்கு மாற்றிப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.

தாளைக் கொண்டுவந்த அக்கா பலெர்மோவில் இருபது வருடங்களுக்கு மேலாக இருப்பவர். வீடுகளில் வயோதிபர்களைப் பராமரித்த நாட்களிலேயே மொழியைக் காதால் பிடித்துக்கொண்டவர். ஆஸ்பத்திரியிலும், வதிவிட அனுமதி பார்க்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவிலும் நம் சனத்துக்காகக் கூடப்போய்க் கதைத்துக் கொடுப்பவர். அதையே ஒரு தொழிலாகச் செய்ய விரும்பித்தான் சி1 எழுதினார். பரீட்சைக்கு முன்பு மாதக்கணக்காக, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், காசு கொடுத்துப் படித்திருக்கிறார்.

"என்ன படிச்சனீங்கள் அக்கா?"

"நல்லாக் கதைச்சனாங்கள் ரீச்சர். எல்லாத்தைப் பற்றியும் கதைச்சனாங்கள்."

எழுதிய கட்டுரை? இல்லை. திருத்திய தாள்? இல்லை. பழைய வினாத்தாள் ஒன்றையாவது நேரம் வைத்துச் செய்து பார்த்தாரா? அதுவும் இல்லை. ஏற்கெனவே கதைக்கத் தெரிந்த ஒருவருக்குக் கதைக்கச் சொல்லிக் கொடுத்து மாதக்கணக்காகக் காசு வாங்கியிருக்கிறார் ஒருவர். எனக்கு அந்த அக்கா மேல் துளிகூடக் கோபம் இல்லை. ஆனால் இதே கதையை ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் வேறு வேறு ஆட்களிடமிருந்து கேட்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாத் தவறும் ஒரே நம்பிக்கையிலிருந்து தொடங்குகிறது. "இத்தாலிக்காரர், தாய்மொழிக்காரர், அதைவிட என்ன வேண்டும்?" விளம்பரங்களிலும் 'மாத்ரெலிங்குவா' என்ற சொல்லைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த யாரையாவது நிறுத்தி, 'படித்துப் பார்த்தான்' என்பதில் ஏன் ப் வருகிறது, 'படித்த பையன்' என்பதில் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் "அப்படித்தான் எழுதுவது" என்பார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று அர்த்தமில்லை. சொல்லிக்கொடுக்கும் வேலை வேறு என்றுதான் அர்த்தம். இத்தாலியில் பிறந்தவர்களுக்கும் அதே நிலைதான்.

இதில் பலெர்மோவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நாம் வீட்டிலும் பல்லரோ சந்தையிலும் கேட்டுப் பழகியது சிசிலி வாடையுள்ள இத்தாலி மொழி. "முடிந்தால் செய்வேன்" என்பதை இங்கே பலர் "ஸே பொதெஸ்ஸி, லோ ஃபாச்செஸ்ஸி" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். பரீட்சைத் தாளில் அது பிழை. இரண்டாவது பாதி "லோ ஃபாரெயி" என்று கொந்திசியொனாலேயில் ('செய்வேன்' என்று நிபந்தனையோடு சொல்லும் வினை வடிவத்தில்) வரவேண்டும். காரை வெளியே எடு என்பதற்கு "எஷ்ஷி லா மாக்கினா" என்று தெருவில் சொல்லலாம், எல்லோருக்கும் விளங்கும். சியெனாவிலிருந்து திருத்துகிறவர் அதற்குச் சிவப்புக் கோடு போடுவார். உங்களோடு பக்கத்தில் இருந்து கதைக்கும் பலெர்மோ நண்பருக்கு இவை பிழையாகவே காதில் விழாது. விழாததை அவர் எப்படித் திருத்துவார்?

தமிழிலிருந்து நாம் கொண்டுவரும் பிழைகள் வேறு. 'நான் பேசிய ஆள்' என்று சொல்லும்போது, 'ஆளோடு' என்பதில் உள்ள அந்த 'ஓடு' தமிழில் மறைந்துவிடுகிறது; யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை. அதே பழக்கத்தில் "லா பெர்ஸோனா கே ஓ பார்லாத்தோ" என்று எழுதிவிடுகிறோம். "கொன் கூயி ஓ பார்லாத்தோ" என்று வரவேண்டும். இத்தாலிக்காரர்களே பேச்சில் இந்த 'கே'யை இஷ்டத்துக்குப் போட்டுச் சமாளிப்பதால், பேச்சு வகுப்பில் இது ஒருநாளும் பிடிபடாது. எழுதினால் முதல் பந்தியிலேயே பிடிபடும். நம்மிடம் ஆர்ட்டிக்கிள் (பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'இல்', 'லா' போன்ற சொல்) என்ற பொருளே இல்லை என்பதால் அது விடுபடுவதும், பெயர்ச்சொல்லின் பால் மாறிப்போவதும் இதோடு சேர்த்தி. p எது, b எது என்று குழம்பி எழுத்துப்பிழை விடுவதும் நம் ஆட்களிடம் அதிகம். இரட்டித்து வரும் மெய்யெழுத்தை மட்டும் நாம் மற்ற நாட்டு மாணவர்களைவிடத் தெளிவாகக் கேட்கிறோம். 'நோனோ'வையும் (ஒன்பதாவது) 'நொன்னோ'வையும் (தாத்தா) குழப்பிய தமிழ் மாணவரை நான் கண்டதே இல்லை. இந்த விவரமெல்லாம் தெரிந்த ரீச்சர் தமிழராக இருக்கவேண்டும் என்று சொல்லவரவில்லை. உங்கள் எழுத்தை நான்கு கிழமை ஒழுங்காகத் திருத்தும் எவருக்கும் இது தானாகப் புலப்படும். திருத்தவேண்டும், அவ்வளவுதான்.

பேச்சுப் பகுதிக்கும் கதைத்துப் பழகினால் போதாது. சில்ஸில் பேச்சு பதிவு செய்யப்பட்டு, புள்ளி போடுவதற்கு சியெனாவிலுள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. உங்கள் முன்னால் இருந்து தலையாட்டிச் சிரித்தவர் உங்களுக்குப் புள்ளி போடுவதில்லை. ஒரு உரையாடலும், ஒரு தலைப்பில் நீங்கள் மட்டும் தொடர்ந்து பேசும் பகுதியும் இருக்கும். பலர் சறுக்குவது இரண்டாவதில். குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லாதபோது, தொடங்கி, வாதத்தை அடுக்கி, முடிக்கத் தெரிவதில்லை. ஒலிப்பதிவு செய்து, திரும்பக் கேட்டு, எங்கே கயிறு அறுந்தது என்று காட்டும் ரீச்சர்தான் வேண்டும்.

இன்னொன்று, எந்தப் பரீட்சை என்று தெரியாமலே ரீச்சர் பிடிக்கிறார்கள். சியெனாவின் சில்ஸ் ஒன்று. பெரூஜியாவின் செலி ஒன்று. தாந்தே அலிகியேரி சங்கத்தின் ப்ளிதா ஒன்று. ரோமா த்ரே பல்கலைக்கழகத்தினுடையது இன்னொன்று. நான்கும் அரசு ஏற்றுக்கொண்டவை. ஆனால் அமைப்பு ஒன்றல்ல. ப்ளிதாவில் நான்கு திறன்கள், ஒவ்வொன்றுக்கும் 30க்கு 18 வேண்டும், இலக்கணத்துக்கென்று தனித்தாள் இல்லை. சில்ஸில் மொழிக் கட்டமைப்பு என்று ஒரு முழுப் பகுதி இருக்கிறது. பலர் விழுவது அங்கேதான். செலியில் சி1 என்பது செலி 4, சில்ஸில் அதே சி1 மூன்றாம் சில்ஸ். எண்ணைப் பார்த்துப் புத்தகம் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. செலி புத்தகத்தை முழுதாக முடித்துவிட்டு சில்ஸ் மண்டபத்தில் போய் இருந்த தம்பி ஒருவரையும் எனக்குத் தெரியும்.

அதற்கும் முன்னால்: உங்களுக்கு உண்மையில் சி1 வேண்டுமா? குடியுரிமைக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். 2018 டிசம்பரிலிருந்து குடியுரிமைக்குக் கேட்பது பி1. நீண்டகால வதிவிட அனுமதிக்கு ஏ2. இத்தாலி மொழியில் நடக்கும் பல்கலைக்கழகப் படிப்புகளுக்குப் பொதுவாகக் கேட்பது பி2. உங்களிடம் கேட்ட அலுவலகத்தின் அறிவித்தலை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். தேவையில்லாத மலையை ஏறவேண்டாம்.

சரி, ரீச்சரை எப்படித் தேர்ந்தெடுப்பது? காசு கொடுக்கும் முன், நீங்களே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். இணையத்தில் தேடினாலும், பலெர்மோ பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கு நடத்தும் இத்தாலி மொழிப் பள்ளியான இத்தாஸ்த்ரா மாதிரியான இடங்களில் விசாரித்தாலும், தெரிந்தவர் சொன்னவராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். அந்த ஒரு தாளுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள், அது நியாயம். திரும்பி வருவதைப் பாருங்கள். "பெர்ஃபெத்தோ, ப்ராவிஸ்ஸிமா" (அருமை, மிகக் கெட்டிக்காரி) என்று மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்தையே அழித்துவிட்டுத் தன்னுடைய அழகான இத்தாலி மொழியில் புதிதாக எழுதி அனுப்பினால், அதுவும் உங்களுக்கு உதவாது. பரீட்சை மண்டபத்துக்கு அவர் வரமாட்டார். பிழையை அடையாளம் காட்டி, என்ன வகைப் பிழை என்று குறித்து, நீங்களே திரும்ப எழுதச் சொல்கிறவர்தான் ஆள்.

பிறகு கேளுங்கள். என் பரீட்சையின் சென்ற அமர்வுத் தாளைப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்துக்கு எதை எதைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள்? கிழமைக்கு எத்தனை கட்டுரை திருத்துவீர்கள்? வெளிநாட்டவருக்கு இத்தாலி மொழி கற்பிக்கும் தகுதி இருக்கிறதா? சியெனாவின் திதால்ஸ் மாதிரியான சான்றிதழ்கள் இதற்கென்றே இருக்கின்றன. பெரூஜியாவும் வெனிஸும் தங்களுடையவற்றைக் கொடுக்கின்றன. சான்றிதழ் இல்லாத நல்ல ரீச்சர்களும் உண்டு, ஆனால் இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறுகிறவர் நல்ல ரீச்சராக இருக்க வழியில்லை. இணையத்தில் மொழி ஆசிரியர்களைப் பிடித்துத் தரும் இத்தாலைக்கி (italki) மாதிரித் தளங்களில் தொழில்முறை ஆசிரியர் என்றும் சமூகப் பயிற்றுநர் என்றும் இரண்டு வகையாகவே பிரித்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது வகை பேசிப் பழகுவதற்கு. விலை குறைவு என்று பரீட்சைக்கு அதைப் பிடிக்காதீர்கள்.

சித்தி உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் தொலைபேசியை வையுங்கள். வினாத்தாள் முன்கூட்டியே கிடைக்கும் என்று சொன்னால், அவர் இலக்கத்தையே அழித்துவிடுங்கள். பழைய மாதிரித் தாள்கள் பரீட்சை நடத்துகிறவர்களின் தளங்களிலேயே இலவசமாக இருக்கின்றன. அதை அச்சடித்துக் காசுக்கு விற்பவரிடமும் போகாதீர்கள். "நீங்கள் இன்னும் பி2க்கே தயார் இல்லை, அதை முதலில் எடுங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ரீச்சர் கிடைத்தால், கோபப்படாமல் அவரிடமே இருங்கள். உங்களிடமிருந்து வரக்கூடிய காசை விட்டுக்கொடுத்து உண்மை சொல்கிறார் அவர்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "மகள் லிச்சேயோவில் (உயர்தரப் பள்ளியில்) படிக்கிறாள், அவளே திருத்துவாள்" என்கிறார்கள் அம்மாமார். அந்தப் பிள்ளை நல்ல இத்தாலி மொழி எழுதும், சந்தேகமில்லை. ஆனால் ஏன் பிழை என்று அதற்குச் சொல்லத் தெரியாது; சொல்லத் தெரியாதபோது எரிச்சல் வரும்; அம்மாவுக்குக் கண்ணீர் வரும். பிள்ளையிடம் தினமும் செய்தித்தாளில் ஒரு கட்டுரையை உரக்க வாசித்துக் காட்டுங்கள். திருத்தும் வேலையை அதன் தலையில் போடாதீர்கள்.

நேரத்தையும் பாருங்கள். சில்ஸ் சி1 வழக்கமாக ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும், பதிவு பல கிழமைக்கு முன்பே மூடிவிடும். ஏப்ரல் கடைசியில் வந்து ஜூனுக்கு ஆயத்தம் செய்யச் சொல்கிறவர்களுக்கு என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு. பிழை கையிலிருந்து போக, எழுதி, திருத்தி, திரும்ப எழுதும் காலம் வேண்டும்.

அந்த அக்காவுக்கும், அவரைப் போன்ற பெறுபேற்றுத் தாளை இப்போது கையில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும்: முழுப் பரீட்சைக்கும் திரும்பப் பணம் கட்டாதீர்கள். சில்ஸில் சித்தியடைந்த பகுதிகள் 18 மாதங்களுக்குச் செல்லும். கேட்டலும் வாசித்தலும் பேச்சும் உங்களுக்கு முடிந்துவிட்டன. விழுந்த பகுதிகளுக்கு மட்டும் பதியலாம் என்று உங்கள் பரீட்சை நிலையத்தில் சொல்லிக் கேளுங்கள். ரீச்சரிடமும் அந்த இரண்டுக்கு மட்டும் நேரம் வாங்குங்கள். பேச்சு வகுப்புக்கு இனி ஒரு சதமும் வேண்டாம்.